சூனியக்காரியின் வம்சாவழி: விக்கா மதத்தின் ஊற்றுக்களும் ஈழத்துச் சூழலும்

மதங்களின் தோற்றம் பற்றிய ஆய்வுகளில் ஆய்வாளன் எதிர்நோக்கும் முதற் சிக்கல், எந்த மதமும் தன் பிறந்த தேதியை ஒப்புக்கொள்வதில்லை என்பதாகும். அனாதியானது என்று கூறிக்கொள்ளாத மதத்துக்கு அடியார் கிடைப்பதரிது. ஆயின் 'விக்கா' எனப்படும் மதநெறியைப் பொறுத்தவரை இச்சிக்கல் ஓரளவு நீங்கிவிடுகின்றது. அது பிரித்தானியாவில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எழுத்தாதாரங்கள் மலிந்த ஒரு காலத்தில், ஏறத்தாழ நம் கண்முன்னேயே உருப்பெற்ற மதமாகும். பின்னர் வட அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பரவி, இன்று பெண்ணிலைவாத, சூழலியல் இயக்கங்கள் சிலவற்றின் ஆன்மிக மொழியாகவும் விளங்குகின்றது. அதனை உலகறியச் செய்த ஜெரல்ட் புறோசோ கார்ட்னர் (1884 – 1964) தம் இளமையின் பத்தாண்டுகளை இலங்கையின் தேயிலை, றப்பர்த் தோட்டங்களிற் கழித்தவர். இச்செய்தியே அம்மதத்தை இவ்விதழில் ஆராய்வதற்குப் போதிய நியாயமாகும் எனக் கருதுகிறேன். வேறு நியாயங்களும் உள. அவை போகப் போகப் புலப்படும்.

கார்ட்னர் 1954இல் வெளியிட்ட 'இன்றைய சூனியம்' என்ற பொருள்படும் நூலில் முன்வைத்த வாதம் இதுதான்: கிறித்தவம் பரவுவதற்கு முன்னிருந்த ஐரோப்பியக் குடியானவரின் வளமைச் சமயம், சூனிய வேட்டையின் நெருப்புக்குத் தப்பி, இரகசியக் குழுக்களாக இங்கிலாந்தில் எஞ்சியிருந்தது, அத்தகைய குழுவொன்றிலே, நியூ பொறஸ்ற் பகுதியில், 1939இல் தாம் தீட்சை பெற்றார். அவ்வாண்டில் அவருக்கு வயது 55. நூல் வெளிவரக் காரணமான சட்டச் சூழலும் நோக்கத்தக்கது. 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இலே நீக்கப்பட்டது. அதற்கு முன்னர், 1949இல், கார்ட்னர் தமது செய்திகளை நாவலாகவே வெளியிட்டார். நாவல் என்ற இலக்கிய வடிவம் சட்டத்துக்கு மறைவாக நின்று மதம் வளர்த்த இச்செய்தி இலக்கிய மாணவருக்குச் சுவையானதே.

விக்காவின் சடங்குகளை நோக்குவோம். நிலத்திலே வட்டம் வரையப்படுகின்றது. நாற்றிசைக் காவலர் அழைக்கப்படுகின்றனர். கறுப்புக் கைப்பிடிக் கத்தியும் கிண்ணமும் சடங்குப் பொருள்கள். கொம்புடைய ஆண்தெய்வமும் நிலவோடு தொடர்புடைய பெண்தெய்வமும் வழிபடப்படுகின்றன. உறுப்பினர் மூன்று படிகளிலே தீட்சை பெறுவர். 'நிழல்களின் நூல்' எனும் சடங்குக் கைந்நூலைச் சீடர் தம் கையாற் பிரதிபண்ண வேண்டும். இவை ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தவை என வினவும்போது, குடியானவரின் குடிசையை விட நகரத்து மத்தியதர வர்க்கத்தாரின் நூலகமே பெரும்பாலும் விடையாக அமைகின்றது. றொனால்ட் ஹற்றன் 1999இல் வெளியிட்ட விரிவான ஆய்வும், பிலிப் ஹெசெல்ற்றன் கார்ட்னரின் வாழ்க்கை பற்றி 2012இல் இரு பாகங்களாக வெளியிட்ட நூலும் இவ்விடயத்திலே பல திரைகளை விலக்கியுள்ளன.

சுருக்கமாகக் கூறின், கொம்புடைய தெய்வமும் பதின்மூவர் கொண்ட குழுவும் மாகிரற் மறே 1921இல் எழுதிய நூலிலிருந்து வருவன. எகிப்தியவியலாளரான மறே, ஐரோப்பியச் சூனிய வழக்குகளிலே சித்திரவதையின் மூலம் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்களை ஒரு பழஞ்சமயத்தின் உண்மைக் குறிப்புகளாகக் கொண்டார். அவரே கார்ட்னரின் நூலுக்கு முன்னுரையும் வழங்கினார். பெண்தெய்வத்தின் உரையாக ஓதப்படும் பகுதி, அமெரிக்கரான சாள்ஸ் லீலண்ட் 1899இல் இத்தாலியச் சூனியக்காரிகளின் வேதமென வெளியிட்ட 'அறாடியா'வைப் பெரிதும் தழுவியது. நாற்றிசை அழைப்பு 1888இல் இலண்டனில் நிறுவப்பட்ட பொன்விடியல் சங்கத்தின் சடங்குமுறையைச் சார்ந்தது. அச்சங்கத்தில் இருந்து பிரிந்து தனிவழி சென்ற அலிஸ்டர் குறோலியின் சொற்கள் கார்ட்னரின் முதற் கைந்நூலில் தாராளமாக இடம்பெற்றிருந்தன. கார்ட்னர் குறோலியை 1947இல், குறோலி இறந்த அதே ஆண்டில், சந்தித்தார். 1953இல் கார்ட்னரிடம் தீட்சை பெற்ற டொறீன் வலியன்ரி என்ற பெண்மணி குறோலியின் சொற்களை இனங்கண்டு, அவற்றுட் பலவற்றை நீக்கித் தாமே புதிதாக எழுதினார். இன்று தொன்மையானவை எனப் பக்தியோடு ஓதப்படும் வரிகளிற் பல இவ்வாறு 1950களில் ஒரு கவிதையுள்ளம் கொண்ட பெண் ஆக்கியவை. கார்ட்னருக்கு நற்பெயர் கிடைத்த அளவுக்கு வலியன்ரிக்குக் கிடைக்கவில்லை என்பது எனது அபிப்பிராயம்.

நிழல்களின் நூல் என்ற பெயர்கூட விசித்திரமானது. கார்ட்னரின் 1949ஆம் ஆண்டு நாவலில் அப்பெயர் இல்லை. அதே ஆண்டில் இலண்டனில் வெளிவந்த மறைஞானச் சஞ்சிகையொன்றில், மனிதனின் நிழலை அளந்து பலன் கூறும் ஒரு சமஸ்கிருத நூல் பற்றி மீர் பஷீர் என்ற கைரேகையாளர் அத்தலைப்பில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார் என்றும், கார்ட்னரின் நாவலுக்கான விளம்பரம் அக்கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலே காணப்பட்டது என்றும் வலியன்ரி 1989இல் வெளியிட்ட தமது நூலிற் சுட்டிக்காட்டினார். ஆங்கிலக் குடியானவரின் இரகசிய வேதத்துக்கு இந்தியச் சோதிடத்தின் பெயர்! இதைக் கண்டு நம்மவர் சிலர் மகிழக்கூடும். மேலைநாட்டில் எது தோன்றினும் அதன் மூலம் நம் சித்தர் ஏடுகளிலே இருந்ததெனக் காட்டும் ஆசை நம்மிடையே வலுவாக உள்ளது. அவ்வாசை ஆய்வுக்கு உதவாது. ஒரு பெயர் சஞ்சிகைப் பக்கத்திலிருந்து எடுக்கப்படுவதும் ஒரு சிந்தனை மரபு இன்னொன்றைப் பாதிப்பதும் ஒன்றல்ல.

இனி இலங்கைக்கு வருவோம். கார்ட்னர் லங்காஷயரில் மரவணிகக் குடும்பமொன்றிற் பிறந்தவர். ஈளைநோயினால் முறையான பள்ளிக்கல்வி பெறாதவர். அவரைப் பராமரித்த செவிலிப்பெண் இலங்கைத் தோட்டத்துரை ஒருவரை மணந்ததனால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பதினாறு பதினேழு வயதில், மஸ்கெலியாப் பகுதித் தோட்டமொன்றிலே தொழில் பழக வந்துசேர்ந்தார். 1904 அளவில் ஹோட்டன் சமவெளிக்குக் கீழுள்ள நொன்பரையில் தோட்டத்தில் வேலை பார்த்தார். பின்னர் பெலிஹுல்ஓயாவுக்கு அருகே தந்தையின் முதலீட்டில் அமைந்த றப்பர்த் தோட்டத்தை நிருவகித்தார். அம்முயற்சி போதிய இலாபந் தராமையால் 1911இல் தோட்டம் விற்கப்பட, அவர் போர்ணியோவுக்கும் பின் மலாயாவுக்கும் சென்றார்.

அவருடைய வாழ்க்கை வரலாறுகளிலே இக்காலம் பற்றிப் பேசப்படுவன காடு, வேட்டை, சிங்களக் கிராமத்தவரின் பௌத்த நம்பிக்கைகள் ஆகியனவே. தமிழ்த் தொழிலாளர் அங்கே பின்னணியாகவே நிற்கின்றனர். ஆயினும் ஒரு சின்னத்துரையின் நாளாந்த வாழ்க்கை அவர்களோடுதான் கழிந்தது. பிரட்டுக்களத்திலே பெயர் கூப்பிடுவதும், கங்காணியோடு கணக்குப் பார்ப்பதும், கொழுந்து நிறுப்பதும் தமிழிலேயே நடந்தன. சின்னத்துரைமாருக்கெனத் தமிழ் கற்பிக்கும் கையேடொன்று 'இங்கே வா' என்னும் பெயரிலே வழங்கிற்று. ஒரு மொழியோடு கொண்ட உறவு முழுவதையும் அதன் தலைப்பே சொல்லிவிடுகின்றது. மாரியம்மன் திருவிழாவும் காமன்கூத்தும் கோடாங்கியின் உடுக்கொலியும் லயங்களிலிருந்து எழுந்த காலம் அது. தொழிலாளியைக் கடனாலே கங்காணியோடு பிணைத்த துண்டு முறை 1921 வரை நீடித்தது. கார்ட்னர் காட்டில் உலாவவும் வேட்டையாடவும் வேண்டிய ஓய்வினை அவ்வுழைப்பே உற்பத்தி செய்தது. மறைஞானத் தேடலுக்கு ஓய்வு முன்நிபந்தனை; அவ்வோய்வுக்கு வேறொருவரின் ஓயாமை முன்நிபந்தனை.

இலங்கையில் கார்ட்னர் எந்தச் சடங்கினுட் புகுந்தார் என்பதற்குத் திட்டமான விடை உண்டு. 1910இல் கொழும்பிலுள்ள ஸ்பிங்ஸ் லொட்ஜிலே பிறீமேசனாகச் சேர்ந்தார். அது அயர்லாந்துப் பெருஞ்சங்கத்தைச் சார்ந்தது. கூட்டத்துக்குச் செல்ல அவர் ஏறத்தாழ 15 மைல் நடந்து ஹப்புத்தளையில் புகைவண்டி ஏறவேண்டியிருந்ததாம். இரண்டாம், மூன்றாம் படிகளையும் விரைவிலேயே பெற்றார். மறு ஆண்டு விலகினார். நாற்பது ஆண்டுகளின் பின் அவர் வெளிப்படுத்திய மதத்தில் கண்கட்டு, கயிற்றுக் கட்டு, நெஞ்சிலே வைக்கப்படும் கூர்முனை, கருவிகளை ஒவ்வொன்றாகக் கையளித்தல், மூன்று படிகள் என்பன காணப்படுவது தற்செயலன்று. மேசன்கள் தம் இயக்கத்தைக் 'கைவினை' என்ற பொருள்படும் சொல்லால் அழைப்பர். விக்கா நெறியாரும் அதே சொல்லையே வழங்குவர். இவ்வமைப்புமுறையை அவர் கொழும்புக் கோட்டையின் வணிகரும் அலுவலரும் தோட்டத்துரைமாரும் கூடிய மண்டபத்திலே கற்றார். ஆகவே விக்காவுக்கு ஈழத்துத் தொடர்பு உண்டா என்று கேட்பின், உண்டு. ஆனால் அது நம் ஆடுகளத்தினூடாக வந்த தொடர்பன்று, அவர்தம் மூடிய அறையினூடாக வந்தது என்பதே விடை.

இன்னொரு தொடர்பும் அடிக்கடி எடுத்துக்கூறப்படுவது. பொன்விடியல் சங்கத்தினரான அலன் பெனற் இங்கிலாந்தின் குளிரிலிருந்து தப்பி இலங்கை வந்தபோது, அக்காலச் சொலிசிற்றர் ஜெனரலாக இருந்த பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக அமர்ந்தார். இராமநாதன் ஸ்ரீ பரானந்தர் என்ற பெயரிலே மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்குச் சைவ யோக நோக்கிலே உரை எழுதியவர். பெனற் அவரிடம் யோகம் பயின்றார். 1901இல் இங்கு வந்த குறோலி, பெனற்றை அழைத்துக்கொண்டு கண்டியில் ஒரு வீடெடுத்து அவரிடம் யோகப் பயிற்சி பெற்றார். குறோலி பின்னாளில் எழுதிய 'நான்காம் நூல்' என்பதன் முதற்பகுதி முழுவதும் யோகம் பற்றியதே. பெனற் பர்மா சென்று ஆனந்த மெத்தேய்ய என்ற பிக்குவானார். இப்படியாக, கொழும்புத் தமிழ் உயர்குழாத்தின் சைவம் மேலைநாட்டு மறைஞானத்தின் நரம்புகளிலே கலந்தது. இதற்குப் பத்தாண்டு முன்னரே, இராமநாதனின் தம்பி அருணாசலத்தின் நட்பினால் இங்கு வந்த ஆங்கில சோஷலிசவாதி எட்வேட் கார்ப்பென்ரர் ஒரு தமிழ் ஞானியைச் சந்தித்து, 1892இல் அதுபற்றி நூலெழுதியமையும் நினைக்கத்தக்கது.

குறோலியும் பெனற்றும் விட்டுச் சென்ற கண்டி வீட்டுக்கு அண்மையிலேயே அவ்வாண்டு கார்ட்னர் சிறிதுகாலம் தங்கினார் எனக் கூறுவர். மர்மப்பிரியர் இதைக் கேட்டவுடன் புல்லரித்துப் போவர். ஆனால் பதினேழு வயதுத் தோட்டப் பயிலுநனும் அயல்வீட்டை விட்டுப்போன மந்திரவாதியும் சந்திக்கவில்லை. 1947 வரை சந்திக்கவில்லை. அயல்வீடு ஓர் ஊற்று ஆகாது. முக்கியமானது வேறு. 1875இல் நியூயோர்க்கிலே நிறுவப்பட்டு, 1880இல் காலித் துறைமுகத்திலே ஒல்கொற்றும் பிளவற்ஸ்கியும் வந்திறங்கியதன் பின் இந்நாட்டிலே வேரூன்றிய பிரம்மஞான சங்கம் தொடக்கம், இராமநாதனின் இல்லம் வரை ஒரே சமூகத் தளம் விரிந்திருந்தது. குடியேற்ற ஆட்சியின் அலுவலரும், ஆங்கிலங்கற்ற சுதேச மேற்குழாத்தினரும், தொழிற்புரட்சியால் மனம் வெதும்பிய ஐரோப்பிய மத்தியதர வர்க்கத்தினரும் அத்தளத்திலே 'கீழைத்தேய ஞானம்' என்ற பண்டத்தைப் பரிமாறினர். இராமநாதன் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர் என்பதையும் இங்கு மறத்தலாகாது. மேலைநாட்டானோடு பகிரக்கூடியதாயிருந்த ஞானம் அயற்கிராமத்துக் கூலியாளோடு பகிரக்கூடியதாயிருக்கவில்லை.

மேற்கூறியவற்றினும் ஆழமான ஒரு செல்வாக்கு உண்டு. அது கருத்துநிலை சார்ந்தது. 1871இல் ரைலர் 'எச்சம்' என்ற கோட்பாட்டை முன்வைத்தார். பண்பாட்டின் பழைய படிநிலை ஒன்றின் துண்டுகள் பிற்காலத்திலும் பொருளிழந்த வழக்கங்களாக நிலைக்கும் என்பது அது. 1890இல் வெளிவரத் தொடங்கிய பிறேசரின் 'பொற்கிளை' அக்கோட்பாட்டை உலகளாவிய பெருங்கதையாக விரித்தது. குடியேற்ற நாடுகளிலிருந்து அதிகாரிகளும் பாதிரிமாரும் அனுப்பிய குறிப்புகளே அப்பெருங்கதைக்கு மூலப்பொருள். காலனியிலே 'காட்டுமிராண்டி' பற்றிச் சேர்க்கப்பட்ட செய்தி இலண்டனிலே கோட்பாடாகி, அக்கோட்பாடு ஆங்கிலக் குடியானவன் மீது திரும்பப் பொருத்தப்பட்டது. மறே செய்தது இதனையே. கார்ட்னர் அதனை வாழ்ந்து காட்டினார். மலாயாவில் சுங்க அலுவலராக இருந்து, கிறிஸ் எனும் மலாய்க் கத்தி பற்றி 1936இல் நூல் வெளியிட்டு, ஓய்வுபெற்று ஊர் திரும்பிய அவர், சொந்த நாட்டிலேயே ஒரு 'சுதேசி'யைத் தேடிக் கண்டுபிடித்தார். ஹொப்ஸ்போம் முதலியோர் 1983இல் விளக்கிய 'மரபினைப் புனைதல்' என்ற நிகழ்வுக்கு இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது.

ஆனால் பிறேசரின் மரபில் வந்தவர் மறேயும் கார்ட்னரும் மாத்திரமல்லர். இவ்விடத்தில் நம் சொந்த வீட்டின் கதவையும் தட்டவேண்டியுள்ளது. கேம்பிரிஜ்ஜின் சடங்கியல் அறிஞரான ஜேன் ஹரிசன் முதலியோர் பிறேசரைப் பின்பற்றிக் கிரேக்க நாடகத்தைச் சடங்கிலிருந்து விளக்கினர். அவர்களது முடிவுகளை மார்க்சிய அடித்தளத்தில் மீளமைத்தவர் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன். அவரது 'ஈஸ்கிலசும் ஏதென்சும்' 1941இல் வெளிவந்தது. மந்திரம் என்பது உண்மையான தொழில்நுட்பத்தின் போதாமையை ஈடுசெய்யும் மாயத் தொழில்நுட்பம் என்பதும், கவிதை அதிலிருந்தே கிளைத்தது என்பதும் அவர் வாதம். பேமிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்றவர்களே பேராசிரியர்கள் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும். முன்னவரின் 'தமிழ் வீரநிலைக் கவிதை' பற்றிய ஆங்கில நூல் 1968இலும், பின்னவரின் பண்டைத் தமிழ்ச் சமூகத்து நாடகம் பற்றிய ஆங்கில நூல் 1981இலும் வெளிவந்தன. ஆகவே ஒரே 'பொற்கிளை'யிலிருந்து இரு கொப்புகள் பிரிந்தன: ஒன்று நிர்வாணமாக வட்டத்துள் நின்று நிலவை அழைக்கும் ஆங்கிலேயரிடத்தும், மற்றது பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் வளர்ந்த தமிழ் மார்க்சிய விமரிசனத்திடத்தும் சென்றன.

இவ்வொற்றுமையைக் கூறுவது நம் ஆசிரியர்களைக் குறைப்பதற்காகவன்று. தொம்சன் மந்திரத்தை உழைப்போடும் உற்பத்தி உறவுகளோடும் இணைத்தார். மறே அதனை உழைப்பிலிருந்து பிரித்து இரகசிய மதமாக்கினார். இந்த வேறுபாடு அடிப்படையானது. ஆயினும் 'எச்சம்' என்ற கருத்து இரண்டிடத்தும் பொதுவாக உள்ளது. இன்று காணப்படும் சடங்கைக் கண்டவுடன் அதனை ஆதிப்பொதுவுடைமைக் காலத்துக்குத் தள்ளிவிடும் பழக்கம் நம்மிடையேயும் இன்னும் ஒழியவில்லை. நோர்மன் கோன் 1975இல் மறேயின் ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி அவரது கோட்பாட்டைத் தகர்த்தார். அதே கடுமையோடு நம் சடங்கு ஆய்வுகளையும் நாம் நோக்க வேண்டாமா?

இதற்குக் கிழக்கிலங்கை தக்க களமாகும். சொறிக்கல்முனையிலிருந்து கல்முனைக் கடற்கரை வரையுள்ள சிறு நிலப்பரப்பை எடுத்துக்கொள்வோம். சொறிக்கல்முனையிலே கத்தோலிக்கரின் திருச்சிலுவை ஆலயம். பாண்டிருப்பிலே தீமிதிப்பு நிகழும் திரௌபதையம்மன் கோயில். கல்முனைக்குடியிலே நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேற்றப்படும் கடற்கரைப் பள்ளி. இடையிடையே கண்ணகியம்மன் கோயில்களும் வைகாசிக் குளிர்த்தியும். 'மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைத்துவிடுவர்' என்று யாழ்ப்பாணத்தார் பாதி அச்சத்தோடும் பாதி ஏளனத்தோடும் கூறும் பேச்சு இந்நிலத்தைப் பற்றியதே. வி.சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இம்மந்திர வழக்குகளுக்கும் இடமளித்தது.

இங்கே மந்திரம் உழைப்போடு இணைந்திருந்தமைக்குச் சிறந்த சான்று களவெட்டி. எருமைக்கடாக்களைக் கொண்டு சூடு மிதித்த காலத்திலே, களத்துள் நாளாந்தப் பேச்சுச் சொற்கள் விலக்கப்பட்டு, அதற்கெனத் தனிச் சொற்கள் வழங்கின. நெல்லின் பெயர் பொலி. பூதங்கள் கேட்டறிந்து பொலியைக் கவர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. போடியார், முல்லைக்காரர், கூலிக்கு நின்றோர் அனைவரும் அம்மொழியையே பேசினர். தொம்சனின் வாக்கியம் இங்கே உயிர்பெறுகின்றது. ஆனால் களத்து மொழி ஆதிகால எச்சமாகப் பொருளிழந்து கிடந்ததன்று. நெல் யார் யாருக்கு எவ்வளவு எனப் பிரிபடும் அந்த இடத்திலே, அந்த வேளையிலே, அது வேலை செய்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் பின்வந்த உழவு இயந்திரமும் எருமையைக் களத்திலிருந்து அகற்றியபோது களத்து மொழியும் அகன்றது. இன்று வயலில் இறங்கும் அறுவடை இயந்திரத்துக்குச் சிங்கள விவசாயிகள் இட்ட பெயர் 'பூதயா'. எந்தப் பூதத்துக்கு அஞ்சிச் சொல்லை மறைத்தனரோ அதுவே வாடகைக்கு வருகின்றது.

களவெட்டி மந்திரம் எழுத்தறியாதார் மந்திரம். கட்டாடியின் மந்திரமும், இசிம் பார்ப்பவரின் மந்திரமும் வேறு வகையின. வாலாயம் பண்ணுதல், கழிப்புக் கழித்தல், அச்சரக்கூடு கட்டுதல் ஆகியவற்றுக்கு ஏடும் எழுத்தாணியும் வேண்டும். கோயிற் சடங்குக்குப் பத்ததி வேண்டும். முஸ்லிம்களிடையே அரபெழுத்தும் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளும் வேண்டும். சொற்களே இதன் வரலாற்றைச் சொல்கின்றன. 'இசிம்' அரபு மொழியிலே பெயர் என்னும் பொருளுடையது. இறைவனின் திருநாமங்களை ஓதுதல் இவ்வித்தையின் அடிப்படை. 'தாயத்து' என்பதும் அரபுவழிச் சொல்லே. 'தல்சமாத்து' என்பது கிரேக்கத்திலே தோன்றி அரபுக்குட் புகுந்த சொல். அதே சொல் வேறொரு வழியாக ஐரோப்பிய மொழிகளில் 'ராலிஸ்மன்' ஆயிற்று. கல்முனைப் பகுதியிலே கட்டம் கீறி எண்ணெழுதிக் கொடுக்கும் முதியவரின் பின்னே, 1225இல் இறந்த அல் பூனி முதலியோரின் பெயரால் வழங்கும் அரபு நூல்மரபு நிற்கின்றது. ஜின்களைத் தன் ஆணையின்கீழ் வைத்திருந்த சுலைமான் நபியின் பெயர் அம்மரபிற் பெரிது.

இப்போது கார்ட்னரின் கத்திக்கு வருவோம். அவர் மந்திர வட்டத்துக்கும் கத்திக்கும் மூலமாகக் கொண்டது 'சொலமனின் திறவுகோல்' எனும் மந்திரநூலாகும். பொன்விடியல் சங்கத்தின் தலைவருள் ஒருவரான மாதேர்ஸ் அதனை 1889இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்தச் சொலமனும் சுலைமான் நபியும் ஒருவரே. மத்தியகால ஐரோப்பாவின் மந்திரநூல்களுக்கு அரபு உலகு தந்தது கொஞ்சமன்று. 'பிக்காற்றிக்ஸ்' என்று ஐரோப்பாவில் அறியப்பட்ட அரபு நூல் 13ஆம் நூற்றாண்டிலே கஸ்தீலிய அரசன் பத்தாம் அல்போன்சோவின் ஆணையால் மொழிபெயர்க்கப்பட்டது. விக்காவின் கத்திக்கு வழங்கும் 'அதாமே' என்ற பெயரும் சொலமன் நூலின் பிரதிகளிலிருந்தே வந்தது. அச்சொல்லின் மூலமான இலத்தீன் சொல் குறிப்பது இறகுப் பேனாவைச் சீவும் சிறு கத்தியை! குடியானவனின் அரிவாளுமன்று, வேட்டைக்காரனின் ஈட்டியுமன்று, எழுத்தனின் மேசைக்கத்தி. மந்திரத்தின் ஒரு பெரும்பகுதி எழுத்தறிவை ஏகபோகமாக வைத்திருந்தோரின் தொழில் என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று தேவையில்லை. நம் எழுத்தாணியும் அதே இனத்தது.

ஆகவே இங்கிலாந்தின் விக்கா வட்டத்துக்கும் கல்முனையின் இசிம் கட்டத்துக்கும் உறவு உண்டு. அவ்வுறவு கற்காலத்து வளமைத் தெய்வத்தினூடாக வந்ததன்று. பக்தாதும் அந்தலூசியாவும், கடல்வணிகரும் மொழிபெயர்ப்பாளரும் பிரதிபண்ணுவோரும் ஏற்படுத்திய உறவு அது. சிலுவை அடையாளம், தீர்த்தம், இலத்தீன் மன்றாட்டு ஆகியவையும் சொலமன் நூலிலே விரவிக் கிடத்தலால், சொறிக்கல்முனையின் ஆலயத்தையும் அவ்வலையிலிருந்து விலக்குதல் இயலாது. மலையாள தேசத்திலிருந்து வந்தது எனக் கட்டாடி தன் வித்தைக்குக் கூறும் வரலாறும், தூரத்திலிருந்து வந்த எழுத்துக்கே அதிகாரம் அதிகம் என்ற அதே விதியைக் காட்டுகின்றது.

வேறுபாடும் வெளிப்படை. இப்பகுதியிலே தமிழர் முஸ்லிம் பரிசாரியிடமும், முஸ்லிம்கள் தமிழ்க் கட்டாடியிடமும் சென்று வந்தனர். பிறன் வித்தைக்கு வலிமை அதிகம் என்ற எண்ணம் அதற்கு உதவிற்று. ஒரே ஆற்றுப்பாய்ச்சலில் வயல் செய்த உறவும் உதவிற்று. 1990ஆம் ஆண்டின் கொலைகள் இவ்வழியை முறித்தன. முஸ்லிம்களிடையே சீர்திருத்த இயக்கங்கள் இசிமைக் கண்டித்தன. இந்துக்களிடையே ஆகமமயமாக்கம் பத்ததியைப் பின்தள்ளியது. 'சூனியக்காரி' என்ற பெயரோ இன்றும் பெண்ணொருத்தி தானாக ஏற்கும் பெயரன்று. அயலார் அவள்மீது எறியும் பெயர். பீகார் மாநிலம் 1999இல் சூனியக்காரி எனப் பெண்களைத் துன்புறுத்துவதற்கெதிராகத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஐரோப்பாவின் வேட்டையிலே 90 இலட்சம் பேர் எரிக்கப்பட்டனர் என விக்கா ஆதரவாளர் நெடுங்காலம் கூறிவந்தனர். ஆய்வாளர் இன்று ஏற்கும் தொகை ஏறத்தாழ 40,000 முதல் 50,000 வரையாகும். சில்வியா பெடறிச்சி 2004இல் அவ்வேட்டையை மூலதனத்தின் ஆதித்திரட்டலோடு இணைத்து எழுதியது சிந்தனையைத் தூண்டுவது. எண்ணிக்கை விடயத்தில் அவரும் தாராளமாகவே நடந்துகொண்டார். கொல்லப்பட்டோர் ஒரு பழமதத்தின் தியாகிகள் அல்லர். பெரும்பாலும் ஏழைகள், முதியோர், விதவைகள். கிறித்தவராகவே வாழ்ந்து கிறித்தவராகவே இறந்தவர்கள். அவர்களைத் தம் மூதாதையராகத் தத்தெடுப்பது அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயிலே இரண்டாம் முறையும் திணிப்பதாகும். முதன்முறை திணித்தவர் விசாரணையாளர்.

கார்ட்னர் 1964 பெப்ரவரியிலே கப்பற்பயணத்தின்போது இறந்து தூனிஸ் நகரில் அடக்கஞ் செய்யப்பட்டார். மான் தீவிலே அவர் நடத்திய சூனிய அருங்காட்சியகத்தின் பொருள்கள் 1973இல் றிப்லி என்ற அமெரிக்க விநோதக் காட்சி நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. அவரது கைந்நூல்களும் குறிப்புகளும் இன்று பதிப்பித்து ஆராயப்படுகின்றன. நம் கரையிலே கட்டாடியின் ஏடும் இசிம்காரரின் அரபுத்தமிழ்க் கொப்பியும் வீடுகளிலே தனித்தனியே கிடக்கின்றன. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, கட்டங்களையும் எண்களையும் பேய்ப்பெயர்களையும் மருந்துச் சரக்குகளையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். எந்தப் பக்கத்தில் யாரிடமிருந்து யார் பிரதிபண்ணினர் என்பதை அவற்றின் எழுத்துப் பிழைகளே காட்டிக்கொடுக்கும்.